ஃப்ரெண்ட்ஸ்கிட்ட நெட்வொர்க் மார்க்கெட்டிங் பத்தி பேசுறது எப்படி? நட்பும் கெடாம, பொய்யும் சொல்லாம ஒரு முழு வழிகாட்டி

ஐடி போட்டாச்சு, அதாவது ஒரு நெட்வொர்க் மார்க்கெட்டிங் கம்பெனில சேர்ந்தாச்சு. அப்லைன் (உங்களைச் சேர்த்து விட்டவர்) ஒரு நோட்டைக் கையில கொடுத்து "போன்ல இருக்கிற கான்டாக்ட் எல்லாம் எடுத்து நூறு பேர் நேம் லிஸ்ட் எழுதுங்க சார், யாரையும் நீங்களா ஜட்ஜ் பண்ணி விட்டுடாதீங்க"ன்னு சொல்லியாச்சு. அந்த லிஸ்ட்ல முதல் பத்து பேர் உங்க ஃப்ரெண்ட்ஸ். இப்ப அவங்ககிட்ட எப்படி வாயைத் திறக்கிறதுன்னு தெரியாம உக்காந்திருந்தா, இது உங்களுக்குத்தான்.

மீட்டிங்ல சொல்லிக் கொடுக்கிற முறை எல்லாருக்கும் தெரியும். ஆர்வத்தைக் கிளப்பு, விவரம் சொல்லாத, "ஒரு சார் வர்றாரு வந்து பாரு"ன்னு மட்டும் சொல்லிக் கூட்டிட்டு வா, மீதியை சீனியர் பாத்துப்பாரு. முன்ன பின்ன தெரியாத ஆள்கிட்ட இது ஒரு தடவை செல்லும். ஃப்ரெண்டுகிட்ட செல்லாது, ஏன்னா அடுத்த வாரம் அவன் மூஞ்சில முழிக்கணும், அவன் உங்களைப் பத்தி மத்த ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொல்லுவான், அதோட அந்த வட்டாரமே குளோஸ். அதனால நான் சொல்றது இதுக்கு நேர் எதிர்: அவன் "வேணாம்டா"ன்னு கூச்சப்படாம சொல்ற மாதிரி பேசுங்க. அப்படிப் பேசுறதுலயும் சேர்றவங்க சேருவாங்க. கம்மியா சேருவாங்க, ஆனா நாலு மாசம் கழிச்சு போனை எடுக்காம ஓட மாட்டாங்க.

முதல் படி: கம்பெனியை நீங்க செக் பண்ணுங்க, அப்லைன் சொன்னதை வச்சு இல்ல

ஒரு ஃப்ரெண்டைக் கூப்பிடுற முன்னாடி இதை முடிச்சிடணும். இந்தியாவுல இப்ப நடைமுறையில இருக்கிறது 2021 டிசம்பர் கடைசில வந்த நுகர்வோர் பாதுகாப்பு (நேரடி விற்பனை) விதிகள். அதன்படி கம்பெனி இங்க பதிவாகி இருக்கணும், குறைஞ்சது ஒரு ஆபீஸாவது இந்தியாவுல இருக்கணும், குறைதீர் அதிகாரி யாருன்னு வெப்சைட்ல போட்டிருக்கணும், அந்த அதிகாரி புகார் வந்த 48 வேலை மணி நேரத்துக்குள்ள கிடைச்சதுன்னு பதில் சொல்லி ஒரு மாசத்துக்குள்ள தீர்த்து வைக்கணும். வெப்சைட்டைத் திறந்து இதெல்லாம் இருக்கான்னு பாருங்க. ஆப் மட்டும் இருக்கு, டெலிகிராம் குரூப் மட்டும் இருக்கு, ஓனர் துபாய்ல இருக்காருன்னா அங்கயே நிறுத்திக்கோங்க.

அடுத்தது காசு எங்கருந்து வருதுன்னு பாக்கணும், இதுதான் உயிர்நாடி. நீங்க வாங்கற கமிஷன், யாரோ ஒருத்தர் சோப்போ எண்ணெயோ வாங்கினதால வந்ததா, இல்ல ஒரு ஆள் காசு கட்டிச் சேர்ந்ததால வந்ததா? ரெண்டாவதுன்னா அது பணச்சுழற்சித் திட்டம். 1978-லயே பரிசுச் சீட்டு மற்றும் பணச்சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டம்னு ஒண்ணு போட்டு அதைத் தடை பண்ணியாச்சு. நடுவுல பேருக்கு ஒரு பொருள் இருந்தாலும் (சந்தையில முந்நூறு ரூபா பெறுற வாட்சை ஒம்பதாயிரத்துக்கு கொடுக்கிறது மாதிரி) விஷயம் மாறாது. ஒரு சின்ன சோதனை இருக்கு: பிளான் (கமிஷன் எப்படிப் பிரியும்ங்கிற திட்டம்), கமிஷன் எதுவுமே இல்லன்னு வச்சுக்கோங்க, இந்தப் பொருளை இந்த விலைக்கு ஒரு வெளியாள் கடையில காசு கொடுத்து வாங்குவானா? மாட்டான்னா, ஃப்ரெண்டுகிட்ட நீங்க விக்கப் போறது பொருளை இல்ல.

பெரிய கம்பெனின்னா பிரச்சனையே வராதுன்னும் நினைக்காதீங்க. 2022 ஏப்ரல்ல அமலாக்கத்துறை ஆம்வே இந்தியாவோட 757 கோடி ரூபாய்க்கு மேல சொத்தை முடக்கினதா அறிவிச்சது, சட்டத்துக்கு உட்பட்டுதான் நடக்கிறோம்னு கம்பெனி சொல்லுச்சு. கோவையில மைவி3 ஆட்ஸ் விஷயம் நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரியும், விளம்பரம் பாத்தா காசுன்னு சொல்லி உறுப்பினர் சேர்த்தாங்க, போலீஸ் வழக்குப் போட்டதும் 2024 ஜனவரி கடைசில நீலாம்பூர்ல கம்பெனிக்கு ஆதரவா ஆயிரக்கணக்குல கூடிட்டாங்க. அந்தக் கூட்டத்துல நின்னவங்கள்ல முக்கால்வாசிப் பேரை யாரோ ஒரு தெரிஞ்சவங்கதான் சேர்த்து விட்டிருப்பாங்க, அதை மட்டும் யோசிச்சுப் பாருங்க.

வெளிநாட்டுல இருந்து படிக்கிறவங்களுக்கு: மலேசியாவுல 1993 நேரடி விற்பனை மற்றும் பிரமிடு எதிர்ப்புச் சட்டப்படி கம்பெனிக்கு லைசென்ஸ் இருக்கணும். இலங்கையில பிரமிடு திட்டம் வங்கிச் சட்டப்படி குற்றம், ஆள் சேர்த்து விடுறதும் அதுல அடங்கும், மத்திய வங்கி தடை பண்ணின பேர்களைப் பட்டியலாவே போட்டிருக்கு, ஒன்மேக்ஸ் டிடி, எம்டிஎஃப்இ எல்லாம் அதுல இருக்கு. சேர்ற முன்னாடி அந்தப் பட்டியலைப் பாத்திடுங்க.

ரெண்டாவது படி: உங்க சொந்தக் கணக்கை எழுதுங்க

ஃப்ரெண்டு கேக்கப் போற முதல் கேள்வி "நீ எவ்ளோடா சம்பாதிச்ச?" தான். அதுக்கு "சார் ஒருத்தர் மாசம் நாலு லட்சம் எடுக்கறாரு"ன்னு பதில் சொன்னா அவன் சிரிச்சிடுவான். உங்க நம்பர் வேணும். ஒரு உதாரணக் கணக்கு போடுறேன், உங்க தொகையை வச்சு மாத்திக்கோங்க.

இந்த மாசம் பிவி (பொருள் வாங்கினா ஏறுற பாயின்ட்) குறையாம இருக்க ரீபர்ச்சேஸ், அதாவது மறுபடி பொருள் வாங்கறது, 3,000 ரூபாய்க்கு பண்ணீங்க. அதுல வீட்டுக்கு நிஜமாவே தேவைப்பட்ட பொருள் 1,200-க்குத்தான், மீதி 1,800 ரூபாய் சரக்கு பீரோ மேல இருக்கு. பெட்ரோல், டீ, வடை 900. மாசாந்திர செமினார் டிக்கெட் 500. ஆக செலவு 3,200. வரவுன்னு பாத்தா டிடிஎஸ் போக கமிஷன் 1,400, நேரா வித்ததுல மார்ஜின் 350, மொத்தம் 1,750. அப்ப இந்த மாசம் 1,450 ரூபாய் கையை விட்டுப் போயிருக்கு. ஸ்டேஜ்ல ஏறி "என்னோட முதல் செக் 1,400!"னு சொல்றப்ப மத்த பாதியை யாரும் சொல்றதில்ல.

இதை மூணு மாசத்துக்கு எழுதுங்க. மூணு மாசமும் மைனஸ்ன்னா, வாய்ப்பு பத்தி ஃப்ரெண்டுகிட்ட பேசாதீங்க, பொருள் நல்லா இருந்தா பொருளை மட்டும் விக்கலாம். ரொம்ப ஸ்ட்ரிக்டா சொல்றேன்னு தோணலாம். ஆனா அமெரிக்காவுல எஃப்டிசி (நுகர்வோரைப் பாதுகாக்கிற அரசு அமைப்பு) 2024-ல எழுபது எம்எல்எம் (நெட்வொர்க் மார்க்கெட்டிங்தான்) கம்பெனிகளோட வருமான அறிக்கைகளைப் பரிசீலிச்சு, பெரும்பாலானவங்களுக்கு வருஷத்துக்கு ஆயிரம் டாலரோ அதுக்கும் கீழயோதான் கிடைச்சிருக்குன்னு சொன்னாங்க, அதுலயும் செலவைக் கழிக்காம போட்ட அறிக்கைதான் நிறைய. அதனால நீங்க மைனஸ்ல இருக்கிறது உங்க திறமைக் குறைவு கிடையாது, இந்தத் தொழிலோட சராசரியே அதான்.

மூணாவது படி: நேம் லிஸ்ட்ல பேர் அடிக்கிறது

"யாரையும் ஜட்ஜ் பண்ணாதீங்க"ன்னு அப்லைன் சொன்னதை இங்க காதுல போட்டுக்காதீங்க. சிலரை நீங்களே அடிச்சிடணும்.

கடன்ல இருக்கிறவன், வேலை போய் ரெண்டு மாசமா வீட்ல இருக்கிறவன், வீட்டுல ஆஸ்பத்திரி செலவு ஓடிட்டிருக்கிறவன், இவங்கதான் சீக்கிரம் சரின்னு சொல்லுவாங்க, அதனாலதான் அவங்ககிட்ட போகக் கூடாது. மகளிர் குழுவுல லோன் போட்டு அக்காமாரை ஐடி எடுக்க வைக்கிற கொடுமை பல ஊர்ல நடக்குது, வாரத் தவணைக்காரர் செவ்வாக்கிழமை டாண்ணு வாசல்ல நிப்பாரு, கீழ ரெண்டு பக்கமும் ஜோடி சேரல (பேர் மேட்சிங்), கமிஷன் வரலன்னு அவர்கிட்ட சொல்ல முடியுமா.

உங்களுக்குக் கீழ வேலை செய்றவங்க, உங்ககிட்ட டியூஷன் படிக்கிற பிள்ளைங்களோட அப்பா அம்மா, வீட்டுக்கு வாடகைக்கு இருக்கிறவங்க, இவங்களும் வேணாம், மறுக்க முடியாத எடத்துல இருக்காங்க. கவர்ன்மென்ட் உத்யோகத்துல இருக்கிற ஃப்ரெண்டுன்னா நடத்தை விதி குறுக்க வரும், அனுமதி இல்லாம வெளில தொழில் பண்ண முடியாது. "அதுக்கென்ன, ஒய்ஃப் பேர்ல போட்டுக்கலாம்"னு மீட்டிங்ல ஈஸியா சொல்லிடுவாங்க, மெமோ வந்தா பதில் எழுதப் போறது அவன்.

காலேஜ் முடிச்சதுக்கப்புறம் பேசவே இல்லாத ஆளா? கல்யாணத்துக்கே கூப்பிடாதவனை இதுக்குக் கூப்பிட்டா என்ன நினைப்பான்னு நீங்களே பாத்துக்கோங்க.

மிச்சம் யாரு இருப்பாங்க? ஏற்கனவே அந்த மாதிரிப் பொருளைக் காசு கொடுத்து வாங்குறவங்க, விக்கிறதுல ருசி இருக்கிறவங்க, கையில கொஞ்சம் காசும் நேரமும் இருந்து போனாலும் பரவால்லன்னு இருக்கிறவங்க. நூறு பேர்ல ஏழெட்டு தேறினாலே நல்ல லிஸ்ட்.

நாலாவது படி: முதல் மெசேஜ்

"ஹாய் மச்சி ஃப்ரீயா, ஒரு முக்கியமான விஷயம், போன்ல சொல்ல முடியாது" இந்த ஸ்டைலை இன்னைக்குத் தமிழ்நாட்டுல பத்தாங்கிளாஸ் பையன் கூட மோப்பம் பிடிச்சிடுவான். தவிர 2021 விதியே, விற்பனைப் பேச்சு ஆரம்பிக்கிறப்பவே அவங்க கேக்காமலே நீங்க யாரு, எந்தக் கம்பெனி, என்ன பொருள், எதுக்காக வந்திருக்கோம்னு தெளிவா சொல்லணும்னு சொல்லுது. மறைச்சுக் கூட்டிட்டுப் போறது நாகரிகப் பிரச்சனை மட்டும் இல்ல, விதிமீறலும்தான்.

இப்படி அனுப்பிப் பாருங்க:

"மச்சி, நான் (கம்பெனி பேர்) கம்பெனில டைரக்ட் செல்லரா சேர்ந்திருக்கேன், நெட்வொர்க் மார்க்கெட்டிங்தான், மறைக்க ஒண்ணும் இல்ல. பாத்திரம் கழுவுற லிக்விடு, டூத்பேஸ்ட், புரோட்டீன் பவுடர் இதெல்லாம் விக்கிறேன். நீ ஜிம் போறதால புரோட்டீன் உனக்கு தேவைப்படுமான்னு ஒரு தடவை கேட்டுடலாம்னு. ஐடி போடுறது பத்தி நீ கேட்டா மட்டும் சொல்றேன். வேணாம்னா ஒரு 'வேணாம்' போடு போதும், திரும்பக் கேக்க மாட்டேன். சனிக்கிழமை கிரவுண்டுக்கு வந்துடு."

கம்பெனி பேரை முதல் வரியிலயே போடுங்க, கூகுள் பண்ணிப் பாக்கட்டும், நல்லா பாத்துட்டு வரட்டும். கடைசி வரி ரொம்ப முக்கியம், அவன் வேணாம்னு சொன்னாலும் சனிக்கிழமை மாறாதுன்னு அவனுக்குத் தெரியணும். வயசுல மூத்தவங்கன்னா "அண்ணே, ஒரு அஞ்சு நிமிஷம் உங்க அபிப்ராயம் வேணும்"னு சுத்தி வளைக்காதீங்க, அபிப்ராயம் கேக்க வந்தேன்னு சொல்லிட்டு பிளான் பேப்பரை நீட்டினா அவருக்கு வர்ற கோபம் நியாயமானது. வீட்டுக்குப் போறதா இருந்தா முன்கூட்டியே சொல்லி நேரம் வாங்கி, ஐடி கார்டு எடுத்துட்டுப் போகணும், அதுவும் விதியில இருக்கு.

வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல தினம் ரெண்டு காரு, ஒரு பாங்காக் டிரிப், "நீங்க எப்ப மாறப் போறீங்க?"ன்னு ஒரு கேள்வி போடுற ஐடியா உங்களுக்கு இருந்தா, பாதி ஃப்ரெண்ட்ஸ் ஏற்கனவே உங்களை மியூட் பண்ணிட்டாங்க.

அஞ்சாவது படி: நேர்ல உக்காந்து பேசுறது

டீக்கடையோ, அவன் வீட்டுத் திண்ணையோ, அவனுக்கு வசதியான எடம். சீனியரைக் கூட்டிட்டுப் போகாதீங்க, ரெண்டு பேர் சேர்ந்து ஒருத்தனை உக்கார வச்சுப் பேசினா அது மிரட்டல் மாதிரிதான் இருக்கும்.

முதல்ல பொருள். விலையைச் சொல்லுங்க, கடையில அதே மாதிரிப் பொருள் என்ன விலைன்னும் நீங்களே சொல்லுங்க. "இது கான்சன்ட்ரேட், மூணு பங்கு தண்ணி கலக்கணும்"னா ஒரு மூடி ஊத்திக் கலந்து, ஒரு லிட்டருக்கு என்ன ஆகுதுன்னு அங்கயே கணக்குப் போட்டுக் காட்டுங்க. சில பொருள் கடையை விடக் கட்டுபடி ஆகும், சிலது ஆகவே ஆகாது, ஆகாததை ஆகாதுன்னு நீங்க சொல்ற அந்த ஒரு நிமிஷத்துலதான் அவன் உங்களை நம்ப ஆரம்பிப்பான்.

உடம்பு சம்பந்தப்பட்ட பொருள்ல ரொம்ப ஜாக்கிரதை. "எங்க பெரியப்பாவுக்கு சுகர் 300-லருந்து 110-க்கு வந்துடுச்சு, மாத்திரையை நிறுத்திட்டாரு" இந்த டயலாக்கை எந்த மீட்டிங்ல கேட்டிருந்தாலும் நீங்க சொல்லாதீங்க. சுகர், கேன்சர் மாதிரி நோயை குணமாக்கும்னு விளம்பரம் பண்றதையே 1954 மருந்துகள் மற்றும் மாய மருத்துவச் சட்டம் தடை பண்ணுது, கம்பெனி அனுமதிக்காத எதையும் நீங்களா சேர்த்துச் சொல்லக் கூடாதுன்னு நேரடி விற்பனை விதியும் சொல்லுது. சட்டத்தை விடுங்க, உங்க பேச்சைக் கேட்டு யாராவது இன்சுலினை நிறுத்திட்டா என்ன பண்ணுவீங்க? சத்து பவுடர் டப்பால எஃப்எஸ்எஸ்ஏஐ-யோட (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) 14 இலக்க நம்பர் இருக்கும், அதைக் காட்டுங்க, "இது உணவு, மருந்து இல்ல"ன்னு சொல்லி முடிச்சிடுங்க.

பிளான் அவனா கேட்டா மட்டும் காட்டுங்க. காட்டுறப்ப வட்டம் போட்டு அஞ்சு பேருக்குக் கீழ அஞ்சு பேர்னு வரைவீங்க இல்லையா, பாதியில நிறுத்தாம கடைசி வரைக்கும் போங்க. 5, 25, 125, 625ன்னு ஆரம்பிச்சு பன்னெண்டாவது வரிசையில 24 கோடியே 41 லட்சம், பதிமூணாவதுல 122 கோடி, பதினாலாவதுல 610 கோடி, பதினஞ்சாவதுல உலகமே பத்தாது. அதை விட முக்கியமான ஒண்ணு, அந்தப் படத்தை எந்த வரிசையில நிறுத்தினாலும் மொத்த ஆளுங்கள்ல எண்பது சதவீதம் கடைசி வரிசையில இருப்பாங்க, அவங்களுக்குக் கீழ ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. பைனரின்னா (ஒருத்தருக்குக் கீழ ரெண்டு பேர்) பாதிப் பேர். "நாம சீக்கிரம் சேர்ந்தா மேல வந்திடலாம்"னு சொல்றப்ப அந்தக் கீழ் வரிசையில யாரைப் போடப் போறோம்னும் அவன் கேக்கட்டும். வெளியாளுக்குப் பொருள் வித்து வர்ற மார்ஜின் இருந்தா மட்டும்தான் கடைசி வரிசைக்காரனுக்கும் ஏதாவது மிஞ்சும், அதனால டவுன்லைன் (கீழ சேர்றவங்க) வரலன்னா வெறும் வித்தே எவ்ளோ வரும்னு கணக்குப் போட்டுக் காட்டுங்க. ரெண்டாவது படியில எழுதின உங்க மூணு மாசக் கணக்கையும் எடுத்து வைங்க.

"நீ ரெண்டு பேரைச் சேர்த்து விட்டா கட்டின காசு திரும்ப வந்துடும், பொருள் உனக்கு ஃப்ரீ மாதிரி" இதை மட்டும் வாயில இருந்து வர விடாதீங்க. இன்னும் நாலு பேரை அனுப்பினா விலையை ஈடு கட்டிடலாம்னு சொல்லி விக்கிறதை 2021 விதி பேர் சொல்லித் தடுக்குது.

பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

"இது பிரமிடுதானேடா?"

"ஆளைச் சேர்த்ததுக்கே காசு கொடுத்தா பிரமிடு. இதுல பொருள் வித்தாத்தான் வரும், அக்ரிமென்ட் இந்தா, கமிஷன் பக்கத்தை நீயே படி. படிச்சிட்டு உனக்கு பிரமிடுன்னு தோணுச்சுன்னா சேராத."

"நீ எவ்ளோ எடுத்த?"

"போன மாசம் கையில நின்னது 600. அதுக்கு முந்தின மாசம் லாஸ்."

"அப்புறம் எதுக்குடா நான்?"

"நீ சேரணும்னு அவசியம் இல்ல. லிக்விடு நல்லா இருந்தா வாங்கு."

இந்த இடத்துல பத்துல ஏழு பேர் லிக்விடு மட்டும் வாங்குவாங்க. அப்லைனுக்கு இது தோல்வி. எனக்கு இதான் உருப்படியான முடிவாத் தெரியுது, ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா பாட்டில் தீர்ந்ததும் அவங்களே போன் பண்ணுவாங்க.

ஆறாவது படி: வேணாம்னு சொன்னா

சரின்னு சொல்லிட்டு வேற பேச்சுக்குப் போயிடணும். "உனக்குக் கனவே இல்லையா", "நெகட்டிவா யோசிக்காத", "இப்படியே இருந்தா சம்பளத்துக்கே சாக வேண்டியதுதான்" இதெல்லாம் மீட்டிங்ல எழுதிக் கொடுக்கிற பதில், ஃப்ரெண்டோட பொழப்பைக் கேவலமாப் பேசி அவனைச் சேர்க்க முடியும்னு யாரு கண்டுபிடிச்சாங்களோ. குரூப்ல அவனை ஆட் பண்ணாதீங்க. அவன் தங்கச்சிகிட்டயோ ஒய்ஃப்கிட்டயோ தனியாப் போய்ப் பேசாதீங்க.

யோசிச்சுச் சொல்றேன்னா, ஒரு வாரம் கழிச்சு ஒரே ஒரு தடவை கேக்கலாம். பதில் வரலன்னா அதுவே பதில்.

ஏழாவது படி: சேர்றேன்னு சொன்னா

அன்னைக்கே ஐடி போடாதீங்க. அக்ரிமென்டை வாட்ஸப்ல அனுப்பி, வீட்ல காட்டிட்டு வரச் சொல்லுங்க. அதுல ரெண்டு விஷயத்தை நீங்களே அடிக்கோடு போட்டுக் கொடுங்க: ஒண்ணு, எத்தனை நாளைக்குள்ள அபராதம் இல்லாம விலகலாம்ங்கிற கூலிங் ஆஃப் காலம், இன்னொண்ணு விக்காத சரக்கைத் திரும்ப எடுக்கிற விதி. இதைச் சொன்னா ஆள் போயிடுவான்னு பயந்து மறைக்கிறவங்கதான் அப்புறம் போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் இழுபடறாங்க.

காசு எப்பவும் அவன் அக்கவுன்ட்லருந்து கம்பெனி அக்கவுன்ட்டுக்கு நேராப் போகணும். உங்க ஜிபேக்கு வாங்கி நீங்க கட்டுறது, உங்க கார்டுல போட்டு அவன் தவணையா தர்றது, அவன் ஆதாரும் பேனும் உங்க போன்ல கெடக்கிறது, எதுவும் வேணாம். கடன் வாங்கித்தான் சேரணும்னா சேர்க்காதீங்க. மொத ஆர்டர் சின்னதா இருக்கட்டும், ஒரே மாசத்துல வித்துத் தீர்ற அளவு. "டைரக்டா சில்வர்ல உள்ள வா"ன்னு (எடுத்த எடுப்புலயே பெரிய தொகைக்கு வாங்கி மேல் ரேங்க்ல சேர்றது) அப்லைன் அழுத்தினா, அது அவரோட மாசக் கடைசி டார்கெட்டுக்கு.

மொத மூணு மாசம் அவன் ஆளே சேர்க்க வேணாம், பத்து கஸ்டமர் பிடிக்கட்டும், பில் போட்டு விக்கட்டும். கூடவே போங்க, பேசாம நில்லுங்க.

எட்டாவது படி: அவன் விலகணும்னா

இதுக்கு எந்த மீட்டிங்லயும் டிரெயினிங் கிடையாது. அவன் வாயைத் திறந்து சொல்ற முன்னாடியே தெரிஞ்சிடும், போன் எடுக்க மாட்டான், பிவி போடல, உங்களைப் பாத்தா கிரவுண்டுல அந்தப் பக்கம் போவான். நீங்களே போய் "டேய், இது ஒர்க் அவுட் ஆகலன்னா நிறுத்திடலாம், நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்"னு சொல்லிடுங்க.

அப்புறம் உக்காந்து சரக்கை எண்ணுங்க. சீல் உடைக்காதது எவ்ளோ, எக்ஸ்பயரி எப்ப, இன்வாய்ஸ் இருக்கா. திரும்ப எடுக்கிற காலம் முடியலன்னா அவன் மெயில் ஐடியிலருந்தே கம்பெனிக்கு மெயில் போட வைங்க, இன்வாய்ஸ் நம்பர், பேட்ச் நம்பர், போட்டோ எல்லாம் சேர்த்து, போன்ல பேசினது கணக்குல வராது. பதில் இல்லன்னா குறைதீர் அதிகாரிக்கு, ஒரு மாசம் தாண்டியும் தீரலன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நீங்களும் அதே கம்பெனில இருக்கிறதால கூச்சமா இருக்கும், அப்லைன் "டீமைக் கெடுக்கறீங்க"ன்னு சொல்லுவாரு. புகார்ல ஸ்பான்சர் (சேர்த்து விட்டவர்) பேர்னு ஒரு கட்டம் இருந்தா உங்க பேரையே எழுதச் சொல்லுங்க.